கடையை மூடினால் குடி எங்கே போகிறது: நாடுகளின் மதுக் கொள்கைகளை ஒப்பிடும் ஒரு நிகழ்வு ஆய்வு

மது விலையை ஏற்றினால் குடி குறையும், குடி குறைந்தால் சாவு குறையும். பொதுச் சுகாதாரத்தில் இவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடிய வாக்கியங்கள் அதிகம் இல்லை. ஆனாலும் இதே நடவடிக்கை ஒரு நாட்டில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது. இன்னொரு நாட்டில் மூன்றே ஆண்டில் கைவிடப்பட்டது. மூன்றாவது நாட்டில் எல்லை தாண்டிய கடைக்காரர்களைத்தான் வாழவைத்தது. இந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம் என்பதையே இங்கே பார்க்கிறோம். சட்டம் முன்வாசலைச் சாத்துவதற்கு முன்னால், கணக்கில் வராத மது புகும் பின்வாசலில் என்ன இருந்தது, அதை யார் எப்போது அடைத்தார்கள் என்பதில்தான் பெரும்பாலான பதில் இருக்கிறது.

எதை அளக்கிறோம்

உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2019இல் மதுவால் நேர்ந்த இறப்புகள் சுமார் 26 லட்சம். அந்த ஆண்டின் மொத்த இறப்புகளில் இது 4.7 சதவீதம். 15 வயதுக்கு மேற்பட்டோரின் சராசரி நுகர்வு ஆண்டுக்கு 5.5 லிட்டர் தூய ஆல்கஹால். 2010இல் இது 5.7 ஆக இருந்தது. உலகில் குடிக்கப்படும் மதுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எந்த அரசுக் கணக்கிலும் ஏறுவதில்லை. வீட்டில் காய்ச்சியது, கடத்தியது, எல்லை தாண்டி வாங்கி வந்தது, குடிப்பதற்கென்றே தயாரிக்கப்படாத திரவங்கள் எல்லாம் இதில் அடங்கும்.

கொள்கைகளை ஒப்பிடும்போது முதலில் சறுக்குவது இங்கேதான். கலால் வரி ரசீதுகளைக் கூட்டி, விற்பனை பாதியாகக் குறைந்தது என்று ஓர் அமைச்சகம் அறிவிக்கலாம். குறைந்தது பதிவான விற்பனை மட்டுமே. உடம்புக்குள் போனது எவ்வளவு என்பதை அறிய இறப்புப் பதிவேட்டுக்குத்தான் போக வேண்டும்.

பதிவேட்டிலும் கவனம் வேண்டும். முழுக்க மதுவாலேயே வருபவை என்று சில காரணங்கள் உண்டு. சர்வதேச நோய்க் குறியீட்டில் கே70 என்பது மதுவால் வரும் கல்லீரல் நோய், எஃப்10 என்பது மதுவால் வரும் மனநலக் கோளாறுகள், எக்ஸ்45 என்பது தற்செயலான மது நச்சேற்றம். நாடுகளுக்கிடையே ஒப்பிட இவை பாதுகாப்பானவை என்று தோன்றும். ஆனால் மருத்துவர் எதை எழுதுகிறார் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. ரஷ்யாவின் பர்னவுல் நகரில் 1990 முதல் 2004 வரை நடந்த பிரேதப் பரிசோதனைகளை ஆராய்ந்தபோது, இதய நோய் என்று எழுதப்பட்ட ஆண்களின் மரணங்களில் கணிசமானவற்றில் ரத்த ஆல்கஹால் உயிரைப் பறிக்கும் அளவில் இருந்தது. அதனால் குறியிட்ட மரணங்களோடு, ஆண்களின் மொத்த இறப்பு விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

காலக் கணக்கும் முக்கியம். நச்சேற்றம், விபத்து, அடிதடி ஆகியவை சில வாரங்களிலேயே மாறும். சிரோசிஸ் என்ற முற்றிய கல்லீரல் நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதற்காகச் சிரோசிஸ் மரணம் குறையவும் பல ஆண்டுகள் ஆகும் என்று நினைப்பது தவறு. ஏற்கெனவே கெட்டுப்போன கல்லீரலோடு ஏராளமானோர் விளிம்பில் இருக்கிறார்கள். அவர்கள் குடிப்பது சற்றுக் குறைந்தாலே அந்த ஆண்டு மரணக் கணக்கு இறங்கும்.

ரஷ்யா: ஒரே நாடு, இரண்டு முயற்சிகள்

1985 மே மாதம் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் தலைவர் கோர்பச்சேவ் தொடங்கிய மது எதிர்ப்பு இயக்கம் எளிய ஏற்பாடு. பிற்பகல் 2 மணிக்கு முன் விற்பனை கிடையாது; 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது; விலை அடுத்தடுத்து ஏறியது; அரசு ஆலைகளின் உற்பத்தி வெட்டப்பட்டது; மால்டோவா, ஜார்ஜியா, கிரிமியா பகுதிகளில் திராட்சைத் தோட்டங்களே அழிக்கப்பட்டன. 1987க்குள் அரசு விற்பனை பாதிக்கும் கீழே போனது. வீட்டுச் சாராயமான சமகோனையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆய்வாளர் அலெக்சாண்டர் நெம்ட்சோவின் மதிப்பீட்டில், உண்மையான நுகர்வு சுமார் 14 லிட்டரிலிருந்து 10.5 லிட்டருக்கு இறங்கியது. விற்பனை பாதியானபோது குடி கால் பங்குதான் குறைந்தது. மீதி சமகோனாக வந்தது.

அந்தக் கால் பங்கே போதுமானதாக இருந்தது. 1984இல் சுமார் 62ஆக இருந்த ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 1987இல் 65ஐ நெருங்கியது. மூன்றே ஆண்டில் மூன்று வயது கூடுவது போர் இல்லாத காலத்தில் அபூர்வம். இந்த இயக்கத்தைத் தோல்வி என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவோர் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை.

தோல்வி வேறு பக்கத்திலிருந்து வந்தது. சமகோனுக்குச் சர்க்கரை வேண்டும். கடைகளில் சர்க்கரை காணாமல் போய், 1988இல் பல பகுதிகளில் அதற்கும் பங்கீட்டு அட்டை வந்தது. எண்ணெய் விலை சரிந்த அதே நேரத்தில் மது வருவாயும் போனதால் கருவூலம் தாங்கவில்லை. மக்களுக்கு வரிசையில் நிற்பதே வேலையானது. 1988இல் இயக்கம் ஓய்ந்தது. 1992இல் விலைக் கட்டுப்பாடும், மதுவின் மீதான அரசின் தனியுரிமையும் நீங்கின. 1994இல் ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 58க்கும் கீழே விழுந்தது. பொருளாதாரச் சிதைவுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் வயது வாரியாகவும் காரண வாரியாகவும் பார்த்தால் 1985இல் எந்த மரணங்கள் குறைந்தனவோ அவையேதான் பெரும்பாலும் திரும்ப ஏறின.

இரண்டாவது முயற்சி 2006இல். இந்த முறை முதல் குறி குடிப்பவர் மீது இல்லை, எரிசாராயத்தின் மீது. ஆலையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு லிட்டரையும் தொடரும் யெகாயிஸ் என்ற மின்னணுப் பதிவு முறை வந்தது. வரி கட்டியதைக் காட்டப் பாட்டிலில் ஒட்டும் புதிய கலால் வில்லைகள் வந்தன. தொழிற்சாலைத் தேவைக்கான ஆல்கஹாலில் எந்தெந்தப் பொருளைக் கலந்து குடிக்க முடியாததாக்கலாம் என்று பட்டியல் போடப்பட்டது. தயாரிப்பாளர்களிடம் இருக்க வேண்டிய குறைந்தபட்ச முதலீடு உயர்ந்து சிறு ஆலைகள் பல மூடப்பட்டன.

இதற்கு ஏன் முன்னுரிமை என்பதை இஷெவ்ஸ்க் நகரில் நடந்த ஆய்வு விளக்கியது. 25 முதல் 54 வயது வரையிலான ஆண்களை ஆராய்ந்து 2007இல் வெளியான அந்த ஆய்வில், கொலோன் என்ற வாசனைத் திரவம், மருந்துக் கஷாயங்கள், சுத்திகரிப்புத் திரவங்கள் ஆகியவற்றைக் குடித்தவர்களுக்கு மரண ஆபத்து பல மடங்காக இருந்தது. இவற்றில் ஆல்கஹால் 60 முதல் 97 சதவீதம் வரை. குடிபானம் என்ற பெயர் இல்லாததால் கலால் வரியும் கிட்டத்தட்ட இல்லை. ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு எவ்வளவு காசு என்று கணக்குப் போட்டால் வோட்காவைவிட மிக மலிவு. வோட்காவின் விலையை மட்டும் ஏற்றியிருந்தால் ஏழைக் குடிநோயாளிகளை நேராக இந்தப் பாட்டில்களிடம் தள்ளிவிட்டிருப்பார்கள்.

அப்படி ஒரு தள்ளல் நடக்கவும் செய்தது. 2006 கோடையில் பதிவு முறையின் கணினிகள் முடங்கின, வில்லைகள் நேரத்துக்குக் கிடைக்கவில்லை, கடை அலமாரிகள் காலியாயின. அந்த இடைவெளியில் எக்ஸ்ட்ராசெப்ட்-1 என்ற கிருமிநாசினி மலிவு மதுவாகப் புழங்கியது. அதில் 93 சதவீதம் எத்தனால். கூடவே டைஎத்தில் தாலேட், பாலிஹெக்சாமெத்திலீன் குவானிடின் என்ற கிருமிநாசினிச் சேர்மம். அந்த ஆகஸ்டிலிருந்து நாடெங்கும் மஞ்சள் காமாலையோடு ஆட்கள் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினர். 12,500க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர், அவர்களில் 9.4 சதவீதம் பேர் இறந்தனர். கலப்படத்தை ஒடுக்க வந்த சட்டமே, செயல்படுத்துவதில் சில மாதம் தடுமாறியதால் இவ்வளவு விலை கேட்டது. சட்டம் அமலுக்கு வரும் நாளில் வில்லையும் கணினியும் தயாராக இருக்கின்றனவா என்பது எழுத்தர் வேலை என்று நினைப்பவர்கள் இந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குக் கீழே விற்கக் கூடாது என்ற விலைத் தளம் அதற்குப் பின்னரே வந்தது. 2010 ஜனவரியில் அரை லிட்டர் வோட்காவுக்குக் குறைந்தபட்ச விலை 89 ரூபிள். 2011இல் பீர் சட்டப்படி மதுவாக வகைப்படுத்தப்பட்டது. 2013 ஜனவரி முதல் தெருவோரக் கியோஸ்குகளில் பீர் விற்பனை நின்றது. இரவு 11 முதல் காலை 8 வரை கடைகளில் மது கிடையாது. 2003க்கும் 2016க்கும் இடையே தலா நுகர்வு 43 சதவீதம் குறைந்ததாக உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் மதிப்பிட்டது. 2005இல் 59க்குச் சற்றுக் கீழே இருந்த ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 2019இல் 68ஐத் தாண்டியது. அந்த ஒன்பது வயது உயர்வில் இதய நோய் சிகிச்சைக்கும் வருமான உயர்வுக்கும் பங்கு உண்டு. முழுவதையும் மதுச் சட்டத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

பின்வாசல் முற்றிலும் அடைபடவும் இல்லை. 2016 டிசம்பரில் இர்குட்ஸ்கில் குளியல் திரவம் ஒன்றைக் குடித்து 70க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதில் எத்தனாலுக்குப் பதில் மெத்தனால் இருந்தது. அதன் பிறகுதான் அத்தகைய திரவங்களின் சில்லறை விற்பனைக்குத் தடை வந்தது.

பின்லாந்து: எதிர்த்திசையில் ஒரு சோதனை

வரியை ஏற்றுவதன் விளைவை நம்பாதவர்களுக்கு, குறைத்தபோது நடந்ததைக் காட்டலாம். 2004இல் பின்லாந்துக்கு இரண்டு நெருக்கடிகள் ஒன்றாக வந்தன. ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரும் மதுவின் வரம்பு நீங்கியது. மே 1 அன்று எஸ்டோனியா ஒன்றியத்தில் சேரவிருந்தது. ஹெல்சிங்கியிலிருந்து தாலின் சுமார் 80 கிலோமீட்டர், கப்பலில் இரண்டு மணி நேரம். மக்கள் அங்கே போய் வாங்குவதைவிட இங்கேயே மலிவாக்குவோம் என்று மார்ச் 1 அன்று கலால் வரி சராசரியாக 33 சதவீதம் வெட்டப்பட்டது. வோட்கா, விஸ்கி போன்ற வடித்த மதுவுக்கு மட்டும் 44 சதவீதம்.

அந்த ஆண்டு நுகர்வு 10 சதவீதம் ஏறியது. மது தொடர்பான திடீர் மரணங்கள் முந்தைய ஆண்டைவிட 17 சதவீதம் கூடின. மரணங்கள் எங்கே கூடின என்பதுதான் இந்த நிகழ்வில் மிகவும் கவனிக்க வேண்டியது: வேலையில்லாதவர்கள், முன்கூட்டி ஓய்வூதியத்தில் போனவர்கள், வயது நடுத்தரத்தைத் தாண்டியவர்கள். வேலையில் இருந்தவர்களிடம் மாற்றம் மிகச் சிறிது. மலிவு மது எல்லோருக்கும் கிடைத்தது; சாவு ஒரு பகுதியினரிடம் குவிந்தது. வரி உயர்வு ஏழைகளைத்தான் அடிக்கும் என்ற வாதத்துக்குப் பின்லாந்தின் இறப்புப் பதிவேடு நேரடியான பதில். 2008, 2009 ஆண்டுகளில் அரசு வரியை மூன்று முறை திரும்ப ஏற்றியது.

டென்மார்க்கும் 2003 அக்டோபரில் வடித்த மதுவின் வரியை 45 சதவீதம் குறைத்தது. அங்கே நடந்த கருத்துக் கணிப்புகளில் நுகர்வு ஏறியதாகத் தெரியவில்லை. கணிப்புகளில் அதிகம் குடிப்பவர்கள் பங்கெடுப்பது குறைவு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஜெர்மனி எல்லையில் மலிவு மது ஏற்கெனவே கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது இன்னொன்று. விலைக்கும் குடிக்கும் உள்ள உறவு இயற்பியல் மாறிலி போல எல்லா இடத்திலும் ஒரே அளவில் வராது. உலகளாவிய ஆய்வுகளின் தொகுப்பில் விலை 10 சதவீதம் ஏறினால் பீர் நுகர்வு 4.6, வைன் 6.9, வடித்த மது 8 சதவீதம் குறையும் என்று வந்தது. அதிகம் குடிப்பவர்களிடம் குறைவது 2.8 சதவீதம்தான். ஆனால் நாளுக்கு ஒரு பாட்டில் குடிப்பவரின் 2.8 சதவீதம், எப்போதாவது குடிப்பவரின் 8 சதவீதத்தைவிட அளவில் பல மடங்கு பெரியது.

பால்டிக் நாடுகள்: அண்டை வீட்டு விலை

லிதுவேனியா 2017 மார்ச் 1 அன்று பீர், வைன் இரண்டின் கலால் வரியையும் இரு மடங்குக்கு மேல் ஏற்றியது. வடித்த மதுவுக்கு 23 சதவீதம். 2018 ஜனவரி 1 முதல் வாங்கும் வயது 18லிருந்து 20 ஆனது. கடை நேரம் காலை 10 முதல் இரவு 8 வரை, ஞாயிறன்று மதியம் 3 வரை மட்டும். விளம்பரத்துக்கு முழுத் தடை. வெளிநாட்டு இதழ்களில் வந்த மது விளம்பரங்களின் மேல் ஒட்டுக் காகிதம் ஒட்டி விற்க நேர்ந்தது. வரி உயர்வுக்குப் பிந்தைய ஓராண்டில் மொத்த இறப்புகளே எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததை ஆய்வுகள் கண்டன. 2018 மாற்றங்களின் தனிப்பங்கைப் பிரித்துச் சொல்வது கடினம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுவந்தால் அதுதான் நேரும்.

எஸ்டோனியாவின் கதை வேறு. 2017 ஜூலையில் பீர் வரி ஒரே தாவலில் 70 சதவீதம் ஏறியது. எஸ்டோனியாவின் வல்காவும் லாட்வியாவின் வல்காவும் ஒரே ஊரின் இரண்டு பாதிகள். நடுவில் எல்லைக்கோடு ஓடுகிறது. தெருவைக் கடந்தால் லாட்வியா விலை. லாட்வியப் பக்கத்தில் எஸ்டோனிய வாடிக்கையாளர்களுக்கென்றே பெரிய மதுக்கடைகள் முளைத்தன. கருவூலம் எதிர்பார்த்த வருவாய் வரவில்லை. 2019 ஜூலையில் எஸ்டோனியா வரியை 25 சதவீதம் குறைத்தது. அடுத்த மாதமே லாட்வியா வடித்த மதுவின் வரியை 15 சதவீதம் குறைத்துப் பதிலடி கொடுத்தது. இரண்டு சுகாதாரத் துறைகளுக்கும் இழப்பு. தவறு ஏற்றியதில் இல்லை, தாவியதில் இருக்கிறது. எல்லைக்கு அப்பால் உள்ள விலைக்கும் இங்குள்ள விலைக்கும் இடைவெளி, பயணச் செலவைத் தாண்டும் இடத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்குள் படிப்படியாக ஏற்றியிருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்து: ஒரு அலகின் விலை

கலால் வரி லண்டனில் உள்ள பிரிட்டன் அரசின் கையில் இருந்ததால் ஸ்காட்லாந்து வேறு கருவியை எடுத்தது: ஓர் அலகு மதுவை இன்ன விலைக்குக் கீழே விற்கக் கூடாது. சட்டம் 2012இல் நிறைவேறியது. ஸ்காட்ச் விஸ்கி சங்கம் தொடுத்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2017 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் அரசுக்குச் சாதகமாக முடிந்தது. 2018 மே 1 முதல் அலகுக்கு 50 பென்ஸ்.

ஓர் அலகு என்பது 10 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால். கணக்கு எளிது: ஆல்கஹால் சதவீதத்தை லிட்டரால் பெருக்கினால் அலகு வரும். சைடர் என்பது ஆப்பிள் சாற்றை நொதிக்கவைத்த மது; 7.5 சதவீத சைடர் 3 லிட்டர் பாட்டிலில் 22.5 அலகு, 50 பென்ஸ் வீதம் குறைந்தது 11 பவுண்டு 25 பென்ஸ். முன்னர் அது 5 பவுண்டுக்கும் குறைவாகக் கிடைத்தது. 37.5 சதவீத வோட்கா 700 மில்லி 26.25 அலகு, குறைந்தது 13 பவுண்டு 13 பென்ஸ். உணவகத்தில் குடிப்பவருக்கோ நல்ல வைன் வாங்குபவருக்கோ இந்தத் தளம் தட்டுப்படவே இல்லை, அவர்கள் ஏற்கெனவே அதற்கு மேல்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தட்டுப்பட்டது பெரிய பிளாஸ்டிக் பாட்டில் சைடருக்கு. அது சில மாதங்களில் பல கடைகளின் அலமாரியிலிருந்தே மறைந்தது.

2023இல் வந்த அதிகாரபூர்வ மதிப்பீடு: மொத்த விற்பனை 3 சதவீதம் குறைந்தது, முழுக்க மதுவால் நேரும் மரணங்கள் 13.4 சதவீதம் குறைந்தன. மருத்துவமனைச் சேர்க்கை 4.1 சதவீதம் குறைந்தது. பலன் அதிகம் தெரிந்தது மிகவும் பின்தங்கிய பகுதிகளில்.

இதை வாசிக்கும் ஒருவர் ஸ்காட்லாந்தின் பதிவேட்டைத் திறந்தால் குழம்பிப்போவார். மதுவால் நேர்ந்த மரணங்கள் 2019இல் 1,020, 2023இல் 1,277. ஏறியிருக்கிறதே? 13.4 சதவீதம் என்பது முந்தைய ஆண்டோடு செய்த ஒப்பீடு இல்லை. விலைத் தளம் இல்லாத இங்கிலாந்தைப் பக்கத்தில் வைத்து, சட்டம் இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மதிப்பிட்ட எண். பெருந்தொற்றுக் காலத்தில் இரு நாடுகளிலுமே அதிகம் குடிப்பவர்களின் குடி முற்றியது. முன்-பின் எண்களை மட்டும் வைத்து ஒரு கொள்கையைப் புகழ்வதும் பழிப்பதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். ஒப்பிட ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி இல்லாத இடத்தில், குறைந்தது ஐந்து ஆண்டு மாதாந்தரத் தரவாவது சட்டத்துக்கு முன்பிருந்தே கையில் இருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. கடும் குடிநோயாளிகளிடம் குடி குறைந்ததற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. சிலர் சாப்பாட்டுச் செலவைச் சுருக்கினர், சிலர் சைடரை விட்டு வோட்காவுக்கு மாறினர். அலகு விலை ஒன்றாகிவிட்டால் வோட்காவுக்கு மாறுவது அவர்கள் பார்வையில் நியாயமான கணக்குதான். சட்டம் வருவதற்கு முன்பே மருத்துவமனைப் படுக்கையும் விடுபடல் சிகிச்சையும் கூட்டப்பட்டிருந்தால் இவர்களில் பலருக்கு வேறு வழி கிடைத்திருக்கும். திடீரெனக் குடியை நிறுத்தினால் வலிப்பும் சன்னியும் வந்து உயிர் போகக்கூடியவர்கள் இவர்கள். இன்னொன்று, கூடுதல் விலை அரசுக்குப் போகவில்லை, கடைக்காரரிடமே தங்கியது. வரியாக இருந்திருந்தால் அந்தப் பணத்திலேயே சிகிச்சை நடந்திருக்கும். தாய்லாந்து 2001 முதல் மது, புகையிலைக் கலால் வரியின் மேல் 2 சதவீதம் கூடுதலாக வசூலித்து, அதைச் சுகாதார மேம்பாட்டு நிதியத்துக்கு நேரே அனுப்புகிறது.

அடுத்து ஏற்ற நினைப்பவர்களுக்கு

மேற்கண்டவற்றைப் பார்த்தால் வேலை வரிசை ஓரளவு தெளிவாகும். முதலில் எரிசாராயம் ஆலையிலிருந்து எங்கே போகிறது என்ற கணக்கு, தொழிற்சாலை ஆல்கஹாலில் கலக்கும் பொருள்களின் பட்டியல், சந்தையில் புழங்கும் கொலோன், கிருமிநாசினி, கஷாயங்களின் ஒரு கிராம் ஆல்கஹால் விலை. பிறகு எல்லையின் இருபுறத்து விலை. சிகிச்சை இடங்கள் திறந்த பிறகே விலைத் தளமோ வரி உயர்வோ. வரி பாட்டிலின் அளவுக்கு இல்லாமல் உள்ளே இருக்கும் தூய ஆல்கஹாலுக்குப் போடப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிகள் பீருக்கு வலிமைப்படியும் வைனுக்குக் கொள்ளளவுப்படியும் வரி விதிப்பதால், வலிமையான வைன் சலுகை பெறுகிறது. கடை நேரமும் விளம்பரத் தடையும் இவற்றோடு சேர்ந்து வரலாம். அவற்றை முதலில் கொண்டுவந்து மற்றதைத் தள்ளிப்போட்டால் பலன் சொற்பம்.

கடைசியாக, விலை எண்ணைச் சட்டத்தில் உறைய வைக்கக் கூடாது. ஸ்காட்லாந்தின் 50 பென்ஸ் ஆறு ஆண்டுகள் அப்படியே நின்றது. பணவீக்கம் அதை ஆண்டுதோறும் அரித்தது. 2024 செப்டம்பர் 30 அன்றுதான் 65 பென்ஸ் ஆனது. அதே சைடர் பாட்டிலின் தளம் 14 பவுண்டு 63 பென்ஸுக்கு ஏறியது. ரஷ்யாவில் 2014இல் 220 ரூபிளாக இருந்த வோட்காவின் தளம், 2015 பிப்ரவரியில் 185ஆக இறக்கப்பட்டது. விலைவாசிக் குறியீட்டோடு சேர்த்துக் கட்டி, ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட தேதியில் தானே திருத்திக்கொள்ளும் ஒரு விதி சட்டத்தில் இருந்தால், ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்தில் புதிய சண்டை வேண்டியதில்லை.